பென்னிகுக் வீடு விற்ற கதை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொங்கலன்று உங்கள் பத்திரிகையில் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுக் பற்றி அரைப்பக்கம் போட்டிருந்தீர்கள். படம் அருமை. தேனி மாவட்டத்து லோயர் கேம்பில் அவருக்குக் கட்டிய மணிமண்டபத்து வாசலில் பானை பொங்குகிறது, பின்னால் அவர் சிலை, புகைக்கு நடுவே ஒரு பாட்டி கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறார். கட்டுரையும் பாதி வரைக்கும் நன்றாகத்தான் போனது, அப்புறம் வழக்கமான இடத்துக்கு வந்து சேர்ந்தது. பாதி கட்டிய அணை வெள்ளத்தில் போய்விட்டது, அரசாங்கம் கையை விரித்துவிட்டது, மனுஷன் இங்கிலாந்துக்குக் கப்பலேறிப் போய் வீட்டையும் மனைவியின் நகைகளையும் விற்றுப் பணம் கொண்டுவந்து அணையைக் கட்டி முடித்தார் என்று.

நான் பொதுப்பணித்துறையில் 34 வருடம் வேலை பார்த்து 2012இல் ஓய்வுபெற்றவன். இந்தக் கதையை மேடையில், பேருந்தில், டீக்கடையில், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனது. ஒவ்வொரு தடவையும் வாயைத் திறக்காமல் வந்துவிடுவேன். கம்பம் பள்ளத்தாக்கில் பையனுக்குப் பென்னிகுக் என்று பெயர் வைத்திருப்பவரிடம் போய் "அண்ணே, அது அப்படி இல்லை" என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? ஆனால் பத்திரிகை எழுதும்போது சொல்லித்தான் ஆகவேண்டும். வீடு விற்ற கதைக்குச் சான்று என்று ஓர் ஆவணத்தை இதுவரை யாரும் காட்டவில்லை. பெரியாறு திட்டம் முழுக்க முழுக்கச் சென்னை மாகாண அரசின் வேலை, எஸ்டிமேட் போட்டு, அனுமதி வாங்கி, அரசாங்கப் பணத்தில் நடந்த வேலை. அந்த வேலையிலேயே இருந்த ஏ.டி. மெக்கன்சி என்ற பொறியாளர் 1899இல் திட்டத்தின் வரலாற்றை எழுதியே வைத்திருக்கிறார். எங்கள் துறையில் ஒரு நாள் வேலை பார்த்தவனுக்குக்கூட இன்னொரு சந்தேகம் வரும், சொந்தக் காசைக் கொண்டுவந்து அரசாங்க வேலையில் போட்டால் அதை எம்-புக்கில், அதாவது நடந்த வேலையை அளந்து எழுதுகிற புத்தகத்தில், எந்தப் பக்கத்தில் எழுதுவது, ஆடிட்காரன் வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது? வேலையோ பல லட்ச ரூபாய் வேலை, அதுவும் அந்தக் காலத்து லட்சம். ஒரு கர்னலின் வீட்டை விற்றால் எத்தனை வாரக் கூலிக்குக் காணும்?

அவர் பெருமையைக் குறைக்க இதை எழுதவில்லை. எனக்கு வருத்தம் எங்கே என்றால், இந்தக் கதையில் அவர் ஒரு வள்ளலாக ஆகிவிடுகிறார், பொறியாளர் காணாமல் போய்விடுகிறார். அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு, ஃபைல் எழுதி, மேலிடத்தோடு மல்லுக்கட்டி, மாற்றல் வாங்கி, மறுபடி வந்து, ஒரு வேலையைக் கையில் எடுத்து முடித்துவிட்டுப் போன அதிகாரியாக அவரைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? சம்பளத்துக்கு வேலை பார்த்தவன் பெரிய காரியம் செய்யமாட்டான் என்று நமக்குள் ஒரு நினைப்பு இருக்கிறது, அந்த நினைப்புதான் வீட்டை விற்க வைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் கட்டுரையில் வராத சங்கதிகளைச் சொல்கிறேன். அவர் பிறந்தது இங்கிலாந்தில் இல்லை, பூனாவில், 1841 ஜனவரி 15இல். அப்பாவும் ராணுவம், பிரிகேடியர். 1849 ஜனவரி 13ஆம் தேதி பஞ்சாபில் சில்லியன்வாலா சண்டையில் அப்பா செத்துப்போகிறார், கூடவே 17 வயது அண்ணனும். நம்ம ஆளுக்கு எட்டு வயது முடிய இரண்டே நாள் பாக்கி. ஒரே நாளில் வீட்டில் இரண்டு சாவு பார்த்த பையன், வளர்ந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிஸ்கோம்ப் ராணுவப் பள்ளியில் சேர்ந்து, 1858இல் மெட்ராஸ் இன்ஜினியர்ஸ் படையில் லெப்டினன்ட் ஆகி, 1860இல் இங்கே வந்து இறங்குகிறான். அதாவது அவர் முதலில் பட்டாளத்துக்காரர், பிறகுதான் பி.டபிள்யூ.டி. அந்தக் காலத்தில் இரண்டும் தனித்தனியாக இருக்கவும் இல்லை, சண்டை வந்தால் சண்டைக்குப் போவார்கள், இல்லாத நாளில் ரோடு, பாலம், வாய்க்கால், கலெக்டர் கச்சேரிக்கு ஓடு மாற்றுவது வரைக்கும் எல்லாம் அவர்கள் தலையில்தான். அவருக்கு முன்னால் நம் காவிரியில் வேலை பார்த்த ஆர்தர் காட்டனும் இப்படித்தான். 1821இல் இங்கே வந்தார், பாம்பன் கால்வாய் சர்வேயில் இருந்தார், பர்மா சண்டைக்குப் போனார், திரும்பி வந்து 1836இல் கொள்ளிடத்தில் முக்கொம்பு மேலணையையும் அணைக்கரையில் கீழணையையும் கட்டினார். அடி ஆழம் தெரியாத ஆற்று மணலில் அஸ்திவாரம் போடுவது எப்படி என்பதைக் கல்லணையைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார், அந்த நேர்மைக்கே இன்னொரு சிலை வைக்கலாம்.

பென்னிகுக் போன சண்டை 1868இல் அபிசீனியாவில் நடந்தது. இன்றைய எத்தியோப்பியா. அந்தப் படையெடுப்பை அரசியலாகப் பார்த்தால் எனக்கு ஒன்றும் பெருமையாகத் தெரியவில்லை, ஓர் அரசரிடம் மாட்டிக்கொண்ட சில ஐரோப்பியர்களை மீட்கிறேன் என்று ஒரு பெரும் பட்டாளத்தைக் கொண்டுபோய் இறக்கினார்கள். ஆனால் பொறியாளனுக்கு அது ஒரு பள்ளிக்கூடம். செங்கடல் ஓரத்தில் சூலா என்கிற இடத்தில் கப்பல் நிற்க ஒன்றுமே கிடையாது. துறைமேடை கட்டினார்கள், ரயில் தண்டவாளம் போட்டார்கள், குடிக்கத் தண்ணீர் இல்லாததால் கடல்நீரைக் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிரவைத்து, அந்த நீரைத்தான் ஆளுக்கும் மாட்டுக்கும் கொடுத்தார்கள். அங்கிருந்து மக்தலா கோட்டைக்கு ஏறத்தாழ 400 மைல், மலைப் பாதை, வெடி வைத்து வழி செய்துகொண்டே போகவேண்டும், யானைகூடக் கொண்டுபோனார்கள். படைத்தலைவர் ராபர்ட் நேப்பியரே பழைய பொதுப்பணிக்காரர், பஞ்சாபில் தலைமைப் பொறியாளராக இருந்தவர். நம் மெட்ராஸ் சேப்பர்களும், அதாவது பட்டாளத்தின் பொறியியல் படைக்காரர்களும், அங்கே இருந்தார்கள். 27 வயதுப் பையன் அங்கே என்னென்ன பார்த்திருப்பான் என்று யோசித்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான ஆட்களை மருந்து, தானியம், கூடாரம், கழிவறை என்று கணக்குப் போட்டு ஆளில்லாத காட்டில் வைத்து வேலை வாங்குவது எப்படி என்ற படிப்பு கல்லூரியில் கிடைக்காது. பின்னால் பெரியாற்றுக் காட்டில் எட்டு வருடம் அவருக்கு வேண்டியிருந்தது அந்தப் படிப்புதான் என்பது என் எண்ணம்.

இனி அணைக்கு வருவோம். மேற்கே ஓடிக் கடலில் விழுகிற பெரியாற்றைக் கிழக்கே வைகைப் பக்கம் திருப்பலாம் என்பது வெள்ளைக்காரன் யோசனை இல்லை. 1789இல் ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆள் அனுப்பிப் பார்த்திருக்கிறார், செலவு தாங்காது என்று விட்டுவிட்டார். 1808இல் கால்டுவெல் என்ற கேப்டன் போய்ப் பார்த்துவிட்டு ஆகாத காரியம் என்று எழுதிவிட்டார். 1850இல் சின்னதாக ஒரு அணை ஆரம்பித்தார்கள், காய்ச்சல் பிடுங்கியது, அந்த இடத்தில் இந்தக் கூலிக்கு நிற்கமாட்டோம் என்று வேலையாட்கள் சொன்னார்கள், நின்றுபோனது. 1862இலிருந்து ரைவ்ஸ் என்ற அதிகாரி ஐந்து வருடம் காட்டைச் சுற்றி 1867இல் 62 அடிக்கு மண் அணை ஒன்று போடலாம் என்று திட்டம் கொடுத்தார். அதன் மேல் நோட்டு, நோட்டின் மேல் நோட்டு, அதற்குள் 1876இன் தாது வருஷப் பஞ்சம் வந்துவிட்டது. மதுரை, ராமநாதபுரம் பக்கம் ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். ஃபைல் மட்டும் சாகவில்லை. 1882இல் மேஜர் பென்னிகுக்கிடம் கொடுத்து திட்டத்தைப் புதிதாகப் போடச் சொல்கிறார்கள், 1884இல் அதற்கு அனுமதி வருகிறது, 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூரோடு குத்தகைப் பத்திரம், 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருடம் 5 ரூபாய், 999 வருடம். ரைவ்ஸ் திட்டத்திலிருந்து பத்திரம் வரைக்கும் மட்டும் 19 வருடம் ஆகியிருக்கிறது. வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போனதைத்தான் எல்லாரும் எழுதுகிறீர்கள். இந்த 19 வருடத்தை யாரும் எழுதுவதில்லை, ஆனால் எங்களைக் கேட்டால் வெள்ளத்தைவிட இதுதான் கஷ்டம் என்போம்!

1887இல் வேலை ஆரம்பம். ரோடு கிடையாது, காடு, யானை, மலேரியா. ஆற்றின் நடுவில் தண்ணீரை ஒதுக்கித் தற்காலிக அணை போட்டால்தான் அடித்தளம் பார்க்க முடியும், அந்தத் தற்காலிக அணையைத்தான் வெள்ளம் திரும்பத் திரும்பக் கொண்டுபோனது. கட்டிய பெரிய அணை முழுசாகப் போய்விட்டது போல உங்கள் கட்டுரையில் வருகிறது, அப்படி இல்லை. இங்கேயும் பட்டாளம் வருகிறது பாருங்கள், ரோடு போட, பாறை உடைக்கப் பழகிய மெட்ராஸ் பயனியர் படைக்காரர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள், மரவேலைக்குக் கொச்சியிலிருந்து போர்ச்சுகீசியத் தச்சர்கள். மற்றபடி சுமந்ததும் அரைத்ததும் குழைத்ததும் கீழே இருந்து வந்த கூலி ஜனம். சுண்ணாம்பும் சுர்க்கியும், அதாவது சுட்ட செங்கல் பொடியும், கலந்த கலவைதான் அணையின் வயிறு முழுக்க, முன்னும் பின்னும் கருங்கல் முகப்பு. சிமென்ட் மூட்டை பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குச் சுர்க்கி என்றால் தெரியாது. சுண்ணாம்பு தனியாக இருந்தால் காற்றுப் பட்டுத்தான் இறுகும், சுட்ட களிமண் பொடியைச் சேர்த்தால் தண்ணீருக்குள்ளேயும் இறுகும், அவ்வளவுதான் சூத்திரம். ஆனால் அளவு பிசகினால் இறுகாது, சரியாகச் சுடாத செங்கலைப் பொடித்துப் போட்டால் வெறும் மண். ஒவ்வொரு சுமையும் ஒருத்தர் கண்ணில் பட்டுத்தான் உள்ளே போயிருக்கவேண்டும், ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, எட்டு வருடம். அணை போக மலையைக் குடைந்து ஒரு மைலுக்கும் சற்று அதிகமாகச் சுரங்கம், அதன் வழியாக இறங்கி வைரவனாறு, சுருளியாறு, வைகை, பேரணை, அங்கிருந்து வாய்க்கால் பிடித்து மேலூர் வரைக்கும். 1895 அக்டோபர் 10இல் கவர்னர் வென்லாக் திறந்துவைத்தார். அந்த வேலையில் காய்ச்சலிலும் விபத்திலும் செத்தவர்களின் கல்லறைகள் அணைப் பக்கம் காட்டுக்குள் இருக்கின்றன, கல்லறைகூட இல்லாதவர்கள் எத்தனையோ.

திறப்பு விழாவோடு எல்லாரும் கட்டுரையை முடித்துவிடுகிறீர்கள். அவர் வேலை முடியவில்லை. 1896இல் இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் கல்லூரிக்குத் தலைவராகப் போனார், இந்தியப் பொதுப்பணிக்கு ராணுவப் பொறியாளர்கள் போதவில்லை என்பதற்காகவே ஆரம்பித்த கல்லூரி அது. 1897இல் பெரியாற்றைத் திருப்பியது எப்படி என்று சிவில் இன்ஜினியர்கள் சங்கத்தில் கட்டுரை படித்தார், செய்த வேலையைச் சக பொறியாளன் குறை கண்டுபிடிக்கட்டும் என்று முன்னால் வைப்பது அது. 1899இல் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்துக்கு என்ன செய்யலாம் என்று போய்ப் பார்த்து அறிக்கை கொடுத்தார். 1911 மார்ச் 9இல் இறந்தார்.

அந்தப் பட்டாள வாடை எங்கள் துறையில் இன்னும் போகவில்லை, பழகிப்போனதால் தெரிவதில்லை. மதகைத் திறந்து மூடுகிறவருக்கு லஸ்கர் என்று பெயர், லஷ்கர் என்றால் படை. டிவிஷன், சப்-டிவிஷன் என்றுதான் ஆபீஸ். லோயர் கேம்ப் என்பதே கூடாரம் போட்ட இடத்தின் பெயர்தான், ஊர்ப் பெயராகவே நின்றுவிட்டது.

எனக்கு இதெல்லாம் புத்தகத்தில் தெரிந்தது பின்னால்தான். முதலில் தெரிந்தது ஓர் ஆளைப் பார்த்து. 1978இல் வேலைக்குச் சேர்ந்து அடுத்த வருடம் நான் போய்ச் சேர்ந்த சப்-டிவிஷனில் உதவி செயற்பொறியாளராக இருந்தவர் பழைய ராணுவக்காரர். 1962 சீனச் சண்டைக்கு அப்புறம் இன்ஜினியரிங் படித்த பையன்களை எமர்ஜென்சி கமிஷன் என்று அதிகாரிகளாக எடுத்தார்கள் இல்லையா, அதில் போனவர். பூனாவில் பயிற்சி, அசாம் பக்கம் பெய்லி பாலம், அதாவது இரும்புச் சட்டங்களைப் பூட்டிச் சட்டென்று போடுகிற பாலம், போடுகிற ராணுவப் பிரிவு, ஐந்து வருடம் முடிந்ததும் விடுவித்துவிட்டார்கள், இங்கே வந்து சேர்ந்தார். பெயர் வேண்டாம், அவருக்கே பிடிக்காது. காலையில் ஆறு மணிக்கு ஷேவிங் முடிந்து ஷூ போட்டு நிற்பார், எங்களுக்கு எரிச்சலாக இருக்கும். மழைக்காலத்துக்கு ஒரு மாதம் முன்னால் ஒவ்வொரு செக்‌ஷனிலும் எத்தனை சாக்கு, எத்தனை மண்வெட்டி, எத்தனை பெட்ரோமாக்ஸ், அதற்கு எத்தனை மேண்டில் என்று எண்ணி எழுதச் சொல்வார். "சார், போன வருஷம் எழுதினதுதானே" என்றால், "போன வருஷத்துச் சாக்கை எலி தின்னிருக்கும், போய் எண்ணு" என்பார். போய் எண்ணினேன், எலி தின்றுதான் இருந்தது.

அந்த வருடம் ஐப்பசியில் ஒரு ராத்திரி ஒரு பெரிய கண்மாயில் கரைக்கு வெளிப்பக்கம் அடியில் தண்ணீர் கொப்பளிக்கிறது என்று ஆள் ஓடிவந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பதினோரு மணி. கண்மாய் தளும்பி நிற்கிறது, மிச்சத் தண்ணீர் வழிகிற கலிங்கல் முழு வீச்சில் போகிறது, கரைக்கு அந்தப்பக்கம் ஊர். கரையடியில், உலை கொதிக்கிற மாதிரி, ஒரு சாண் அகலத்துக்கு மண்ணைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் பொங்குகிறது, சுற்றிலும் கறையான் புற்று மாதிரி மணல் குவிந்திருக்கிறது. ஊர்க்காரர்கள் களிமண்ணைக் கூடை கூடையாகச் சுமந்து தயாராக நிற்கிறார்கள். கண்மாய்த் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடுகிற நீர்ப்பாய்ச்சி, வயசானவர், "ஐயா, சட்டுனு அமுக்கி அடைச்சிரலாம்யா" என்கிறார். எங்கள் அதிகாரி அடைக்கக்கூடாது என்று கையைக் காட்டிவிட்டு, டீ கொண்டுவந்திருந்த பையனிடம் கண்ணாடி டம்ளர் ஒன்றை வாங்கி, டீயைக் கீழே ஊற்றிவிட்டு, அந்தக் கொப்பளிக்கிற தண்ணீரை மொண்டு டார்ச் வெளிச்சத்தில் பிடித்தார். காபி மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் வைத்தால் அடியில் ஒரு விரல்கடை மண் படிகிறது. கரை உள்ளுக்குள்ளே கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

"தண்ணி போகட்டும்யா, மண்ணு போகக்கூடாது" என்று மட்டும் சொன்னார். அதை இன்றைக்கும் நான் மறக்கவில்லை. அடைத்தால் அந்த அழுத்தம் பத்தடி தள்ளி இன்னொரு இடத்தில் பிய்த்துக்கொள்ளும். அப்புறம் நடந்தது முழுக்க டிரில்தான், மணல் மூட்டையை வட்டமாக, செங்கல் கட்டுகிற மாதிரி மாற்றி மாற்றி இடுப்பு உயரத்துக்கு அடுக்கச் சொன்னார், நடுவில் கிணறு மாதிரி இடம், அதற்குள் முதலில் ஆற்று மணல், மேலே சின்ன ஜல்லி, அதற்கு மேல் பெரிய ஜல்லி. ஆட்களை மூன்று வரிசையாக நிறுத்தி, ஒரு வரிசை நிரப்ப, ஒரு வரிசை கைமாற்ற, ஒரு வரிசை ஓய்வெடுக்க, கால் மணிக்கு ஒரு தடவை மாற்றிக்கொண்டே இருந்தார். ஓய்வு வரிசையில் நிற்கிறவன் வேலை செய்தால் திட்டு விழும். நான் அப்போது நினைத்தேன், கரை போகப்போகிறது, இந்த ஆள் ஓய்வெடுக்கச் சொல்கிறாரே என்று. மூன்று மணிக்கு மறுபடி டம்ளரில் மொண்டு பார்த்தார். தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் பளிங்கு மாதிரி. என் கையில் டம்ளரைக் கொடுத்து "குடிக்காதே, பார்" என்றார். விடிகிறவரைக்கும் யாரும் அசரவில்லை, ஓய்வு வரிசையின் அருமை அப்போதுதான் புரிந்தது. ஊர் தப்பித்தது. மறுநாள் பத்திரிகையில் ஒரு வரி கிடையாது. உடைந்த கண்மாய்தானே செய்தி, உடையாத கண்மாயில் என்ன இருக்கிறது எழுத?

அவர் 1998இல் கண்காணிப்புப் பொறியாளராக ஓய்வுபெற்றார். அந்த ஐந்து வருட ராணுவ சர்வீஸைப் பென்ஷன் கணக்கில் சேர்க்க ஒரு ஆபீஸில் ஏறி இறங்கிய கதையை எழுதினால் தனிக் கடிதம் ஆகிவிடும். ராணுவத்தில் இருந்ததற்குச் சான்று, விடுவித்ததற்குச் சான்று, அங்கே வாங்கிய பணத்துக்குச் சான்று, எல்லாம் கொடுத்த பிறகு, இவை எல்லாம் ஒரே ஆளுடையதுதான் என்பதற்கு ஒரு சான்று. ஒரு நாள் கூடவே போயிருந்தேன். கிளார்க் தம்பி, நல்ல பையன்தான், ஃபைலைப் புரட்டிவிட்டு "சார், நீங்க மிலிட்டரியா, பி.டபிள்யூ.டி.யா?" என்று கேட்டான். "ரெண்டும்தான்" என்றார். "இதுல ஒரு கட்டம்தான் சார் இருக்கு" என்று படிவத்தைக் காட்டினான். பென்னிகுக் இன்றைக்கு வந்து பென்ஷனுக்கு மனு போட்டாலும் அந்தக் கட்டத்தில்தான் மாட்டுவார்.

இந்தக் குழப்பம் இப்போதும் தீரவில்லை. என் மைத்துனர் மகன் எல்லைச் சாலை நிறுவனத்தில், அதாவது பி.ஆர்.ஓ.வில், கிரெஃப் என்கிற அதன் பொறியியல் படையில் ஆளாக இருக்கிறான். 1960 மே 7இல் ஆரம்பித்த அமைப்பு, லடாக்கிலும் அருணாசலத்திலும் பனியை வெட்டி ரோடு போடுகிறவர்கள், 2020இல் திறந்த ரோதங் பக்கத்து 9 கிலோமீட்டர் அடல் சுரங்கம் அவர்கள் வேலைதான். சீருடை உண்டு, ராணுவச் சட்டத்தின் பல பிரிவுகள் அவர்களுக்கும் பொருந்தும், அவர்களும் ஆயுதப் படையைச் சேர்ந்தவர்கள்தான் என்று உச்ச நீதிமன்றமே 1983இல் சொல்லியிருக்கிறது. ஆனால் லீவில் ஊருக்கு வந்தால் "நீ நிஜமா மிலிட்டரியா, ரோடு காண்ட்ராக்டா?" என்று மாமன்மார் கேட்கிறார்கள். அவனும் என்ன செய்வான், சிரித்துக்கொண்டே போய்விடுகிறான். 1780இல் ஆரம்பித்து இப்போது பெங்களூரில் இருக்கிற மெட்ராஸ் சேப்பர்களுக்குப் பட்டாளத்தில் "தம்பி" என்றே செல்லப்பெயர். ஆற்றுக்கு நடுவில் பாலம் போடுவதும் கண்ணிவெடி எடுப்பதும் அவர்கள் வேலை. அவர்களைப் பற்றித் தமிழில் எழுதினால் படிக்கமாட்டோம் என்றா சொல்லிவிட்டோம்?

பெரியாறு அணையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1979இல் அணை தாங்குமா என்று பயம் கிளம்பியபோது நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கி, அணையைப் பலப்படுத்தச் சொன்னார்கள். இரண்டு மாநில வழக்கைப் பற்றி நான் பேசவரவில்லை, அது நீதிமன்றத்தில் போதுமான அளவுக்குப் பேசியாகிவிட்டது, 2014இல் 142 அடி என்று தீர்ப்பும் வந்துவிட்டது. நான் சொல்வது அந்த வேலையை. நூறு வயதை நெருங்கும் சுர்க்கி அணையின் உச்சியிலிருந்து கீழே பாறை வரைக்கும் துளை போட்டு, எஃகு வடங்களை இறக்கி, இழுத்துக் கட்டி, சிமென்ட் பாலை உள்ளே செலுத்தி, பின்பக்கம் கான்கிரீட் முட்டுக் கொடுத்தார்கள். கட்டியவர் போட்ட கணக்கைக் குலைக்காமல் அவர் வேலைக்குள் கை வைப்பது எவ்வளவு நுணுக்கம் என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். செய்தவர்கள் எங்கள் துறை ஆட்கள், சிலர் இப்போதும் உயிரோடு இருக்கிறார்கள், மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு. அவர்கள் யாரும் வீட்டை விற்கவில்லை, வீட்டுக்கடன்தான் கட்டினார்கள். ஒரு நிருபரை அனுப்பிப் பேசச் சொல்லுங்கள், காது கொஞ்சம் மந்தம், ஆனால் எந்தத் துளை எத்தனை அடி போனது என்பது ஞாபகம் இருக்கும்.

எங்கள் துறையில் எல்லாரும் யோக்கியர்கள் என்று நான் சாதிக்கவில்லை. எம்-புக்கில் இருக்கிற ரோடு தரையில் இல்லாமல் போன கதையெல்லாம் எங்களுக்கும் தெரியும், அதை நீங்கள் எழுதத்தான் வேண்டும், விடாதீர்கள். 2018இல் முக்கொம்பு மேலணையில் ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போனபோது உங்கள் பத்திரிகை கேட்ட கேள்விகள் நியாயமானவை, எங்களுக்கு வலித்தது, ஆனால் நியாயம். அதே கண்ணால் நன்றாக நடந்த வேலையையும் பாருங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

அடுத்த வருடம் ஜனவரி 15க்கு எழுதும்போது வீட்டையும் நகையையும் விட்டுவிட்டு முத்திருளப்ப பிள்ளைக்கு ஒரு பத்தி, ரைவ்ஸுக்கு ஒரு பத்தி, காட்டில் கிடக்கிற கல்லறைகளுக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். இடம் போதவில்லை என்றால் என் கடிதத்தை வெட்டிக்கொள்ளுங்கள், கண்மாய் பகுதியை மட்டும் வெட்டாதீர்கள், அந்த மனுஷர் இப்போது இல்லை. அப்புறம் ஒன்று, அணை திறந்த வருடத்தை 1896 என்று போட்டிருக்கிறீர்கள். 1895. திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறைப் பொறியாளர்,
மதுரை